காதக் குறுக்கம்

மனிதர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகளுள், விடை தெரிந்திருந்தும் கேட்கப்படுவது, விடையை நம்பாமலே கேட்கப்படுவது, விடை கிடைத்த கால்மணி நேரத்துக்குள் மீண்டும் கேட்கப்படுவது என்னும் மூன்று லட்சணங்களும் ஒருங்கே பொருந்திய கேள்வி ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது, நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் காரின் இடப்பக்க ஆசனத்திலிருந்து எழுகின்ற “இன்னும் எவ்வளவு தூரம்?” என்பது. ஆன்மா நித்தியமா அநித்தியமா என்பதைப் பற்றி ஏடு ஏடாக எழுதிக் குவித்தவர்களும், ஒற்று மிகுமா மிகாதா என்பதற்காகத் தலைமுறைக் கணக்கில் பகைத்துக்கொண்டவர்களும் நிறைந்த நம் நாட்டில், இந்தக் கேள்வியைப் பற்றி ஒரு சூத்திரமேனும் இயற்றப்படாமல் இருப்பதற்குக் காரணம் வித்துவான்களின் அலட்சியம் அன்று. அவர்கள் பெரும்பாலும் மனைவியை வீட்டில் விட்டுவிட்டுப் பிரயாணம் செய்தவர்கள் என்பதே என் அனுமானம். அக்குறையை நிவர்த்தி செய்யும் பொருட்டு, தில்லியிலிருந்து திருநெல்வேலி வரை ஏறத்தாழ 2,750 கிலோமீட்டர், ஐந்து பகல், ஒரே காரில், ஒரே மனைவியுடன் நேரில் திரட்டிய ஆதாரங்களைக் கொண்டு இவ்வாராய்ச்சியைத் தமிழுலகின் முன் வைக்கிறேன்.

ஆராய்ச்சி நிகழ்ந்த களத்தைச் சொல்லிவிடுவது முறை. முப்பத்துநான்கு வருஷம் மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் கோப்புகளை ஒரு மேஜையிலிருந்து மறு மேஜைக்கு நகர்த்தி ஓய்வு பெற்ற நான், ராமகிருஷ்ணபுரத்துக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு, பாளையங்கோட்டையில் வாங்கிப் போட்டிருந்த வீட்டுக்குக் குடிபெயர வேண்டியிருந்தது. கட்டில், பீரோ, கிரைண்டர் முதலியன எல்லாம் முதல் நாளே லாரி ஏறிப் போய்விட்டன. “நாம ரயில்ல போயிருவோம், காரையும் லாரியிலயே ஏத்தி விட்டுருங்க” என்று என் சகதர்மிணி சொன்ன யோசனை, சகல விதத்திலும் புத்திசாலித்தனமாக இருந்த ஒரே காரணத்தால் என்னால் நிராகரிக்கப்பட்டது. அந்தப் பெட்ரோல் காருக்கு வயது பன்னிரண்டு, தில்லியின் கட்டுப்பாட்டின்படி பதினைந்தோடு அதன் ஆயுள் முடிந்துவிடும் என்பதையும், வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்ப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிதாகப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் விதிப்பதையும், அதற்கு வேண்டிய தடையில்லாச் சான்று என் சட்டைப்பையில் தயாராக இருப்பதையும் எடுத்துக்காட்டி, ஆகவே காரை நானே ஓட்டிக்கொண்டு போவதுதான் தர்மம் என்று முடித்தேன். முதல் மூன்று வாக்கியங்களிலிருந்து நாலாவது எப்படிப் பிறக்கிறது என்று அவள் கேட்கவில்லை. வாசகர் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளட்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

லாரியை நம்பி விட மனமில்லாத சாமான்கள் சில எங்களோடு காரிலேயே வந்தன: குத்துவிளக்கு, நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி, பத்திரங்கள் அடங்கிய தகரப்பெட்டி, இவற்றோடு, இடப்பக்க ஆசனத்தின் கீழே, என் மனைவியின் பாதங்கள் இரண்டுக்கும் நடுவே, பழைய பெயிண்ட் வாளியில் நட்ட கறிவேப்பிலைச் செடி ஒன்று. ‘திருநெல்வேலிக்கே அல்வாவா’ என்று உலகம் கேட்கும்; திருநெல்வேலிக்கே கறிவேப்பிலையா என்று கேட்க உலகத்துக்குத் தோன்றாததற்குக் காரணம், அப்படி ஒரு காரியத்தைச் செய்யக்கூடியவர்கள் இருப்பார்கள் என்று அது எதிர்பார்க்காததுதான். அந்த ஊர்க் காய்கறிக் கடையில் அது கொசுறு. காசு கொடுத்துக் கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். ஆனால் இந்தச் செடி, தில்லிக் குளிரில் தை பிறக்குமுன் இலையெல்லாம் உதிர்த்து வெறுங்குச்சியாக நின்று, செத்தே போயிற்று என்று நான் வருஷந்தோறும் தீர்ப்புச் சொல்ல, பழைய நூல் புடவையைச் சுற்றி அவள் வருஷந்தோறும் காப்பாற்ற, ஹோலிப் பண்டிகை கழிந்ததும் செம்பு நிறத்தில் துளிர்த்து என்னைப் பொய்யனாக்கிய செடி. தாவர நூலார் இதற்கு இட்ட லத்தீன் பெயரில் 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் இருந்த கோனிக் என்னும் வைத்தியரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆரஞ்சும் எலுமிச்சையும் இதற்கு ஒன்றுவிட்ட உறவு. இச்செய்திகள் ஆராய்ச்சிக்கு அவசியமானவை அல்ல. ஆனால் அவசியமில்லாததைச் சொல்லாத ஆராய்ச்சிக் கட்டுரையை நான் இதுவரை கண்டதில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவரென்று கருதப்படும் பவணந்தி முனிவர், தம் நன்னூலில் வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்று ஆறாக வகுத்தார். ஆறு வகைக்கும் ஆறு வெவ்வேறு வாக்கியங்களை உதாரணம் காட்டுவது பள்ளிக்கூடத்து வழக்கம். ஒரே வாக்கியத்தைக் கொண்டு ஆறையும் காட்டலாம் என்பது முதல் நாள் மதியத்துக்குள்ளாகவே எனக்குப் பிரத்தியட்சமாயிற்று. பரீதாபாத்தைத் தாண்டியதும் “ஏங்க, இன்னும் எவ்வளவு தூரம்?” என்று அவள் கேட்டது, மெய்யாகவே தெரியாமல் கேட்ட அறியா வினா. மதுராவுக்கு அப்பால் கேட்டது அறிவினா. கைப்பேசியின் திரையில் கிலோமீட்டர் கணக்கு அவள் மடியிலேயே கிடந்தது, எனக்குத் தெரிகிறதா என்று பரீட்சை பார்த்தாள். ஆக்ராவின் சுற்றுச்சாலையில் நான் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் போனபோது கேட்டது ஐய வினா. அதன் பொருள் ‘வழி இதுதானா’ என்பது. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து ஓர் உருண்டையை என் வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டு கேட்டது கொடை வினா. தாபா ஒன்று கண்ணுக்குப் பட்டதும் தேநீரை உத்தேசித்துக் கேட்டது கொளல் வினா. சம்பல் நதிப் பாலத்துக்கு முன், குரலை ஒரு ஸ்தாயி இறக்கிக் கேட்டாளே, அது ஏவல் வினா: வண்டியைச் சுத்தமான கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்க்கில் உடனே நிறுத்துக என்பது அதன் பொழிப்புரை. அனுபவம் குறைந்த கணவன்மார் இந்த ஆறுக்கும் கிலோமீட்டரிலேயே விடை சொல்லிக் கெட்டுப் போகிறார்கள்.

வினா ஆறு என்ற முனிவர் விடையை எட்டு என்றார். சுட்டு, மறை, நேர் என்னும் முதல் மூன்றும் செவ்வையானவை; மற்றை ஐந்தும் குறிப்பால் விடையாகக் கொள்ளத்தக்கவை. சுட்டு விடைக்கு உதாரணம் கேட்டால், ‘இன்ன ஊருக்கு வழி யாது’ என்று ஒருவன் வினவ, ‘இது’ என்று மற்றொருவன் கைநீட்டுவதைத்தான் இலக்கண வாத்தியார்கள் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதை நினைக்கும்போது, வழிகேட்டலுக்கும் இலக்கணத்துக்கும் உள்ள பூர்வ சம்பந்தம் விளங்கும். “ஏன், பசிக்கா?” என்று நான் திருப்பிக் கேட்டது வினா எதிர் வினாதல். “எனக்குந்தான் இடுப்பு வலிக்கு” என்றது உற்றது உரைத்தல். “இப்ப நிப்பாட்டினா ஊர் போய்ச் சேர இருட்டிரும்” என்றது உறுவது கூறல். “ரோடு நல்லாத்தான போட்டிருக்கான்” என்றது இனமொழி. ஆயினும் அந்த ஐந்து நாளில் நான் சொன்ன விடைகளுள் பெரும்பான்மையானது இந்த எட்டில் எதிலும் அடங்கவில்லை. அது, “இந்தா, வந்துட்டுல்லா” என்பது.

இது பொய் அன்று. பொய்யாயின் கேட்பவர் நம்ப வேண்டும். மெய்யும் அன்று என்பது வெளிப்படை. எட்டில் அடங்காத இந்த ஒன்பதாம் விடைக்குத் தமிழில் ஆதி உதாரணம் எது என்று தேடிப் போனால், சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் போய் நிற்கிறோம். புகாரில் பொருள் தொலைத்து மதுரைக்குக் குடிபெயரப் புறப்பட்ட இளந்தம்பதிகள் ஒரு காத தூரமே கடந்திருக்கிறார்கள். நடந்து பழகாத கண்ணகி களைத்துப்போய், களைப்பை மறைக்கும் சிரிப்போடு, மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். கோவலன் சொன்ன விடையைக் கவனிக்க வேண்டும். முப்பது காதம் என்று ஒரே மூச்சில் சொன்னால் பெண் மலைத்துவிடுவாள் என்று, ஆறு என்றும் ஐந்து என்றும் இரண்டு சின்ன எண்களை அடுத்தடுத்து வைத்து, பெருக்கிக்கொள்ளும் வேலையைக் கேட்டவள் தலையிலே கட்டி, போதாக்குறைக்குக் கிட்டத்தில்தான் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துவிடுகிறான். இன்றைய சாலைக் கணக்கில் பூம்புகாரிலிருந்து மதுரை சுமார் 250 கிலோமீட்டர். காதம் ஒன்றுக்குப் பத்து மைல் என்று வாய்பாடு சொல்வாரும் உண்டு. அப்படிக் கொண்டால் முப்பது காதம் 480 கிலோமீட்டருக்கு மேல் போய், மதுரையைத் தாண்டிக் கடலில் இறங்கிவிடும். காதம் ஏழு மைல் என்பாரைக் கேட்டாலும் கணக்கு உதைக்கிறது. இந்த முரணைத் தீர்க்க நூலோர் பல வழி கூறியிருக்கலாம்; என் வழி எளிது. காதம் என்பது அளவை அன்று. சொல்பவர் வாயைப் பொறுத்து நீளவும் குறுகவும் வல்ல ஓர் எழுத்துப் போன்றது.

எழுத்து என்றேன். இங்கேதான் இலக்கணம் கைகொடுக்கிறது. ஐகாரத்துக்கு இரண்டு மாத்திரை. அது சொல்லுக்கு முதலில் வந்தால் ஒன்றரையாகவும், இடையிலும் கடையிலும் வந்தால் ஒன்றாகவும் குறையும், இதற்கு ஐகாரக் குறுக்கம் என்று பெயர் என்பதை எட்டாம் வகுப்பில் பிரம்படி பட்டுப் படித்தோம். நான் கண்ட விதியும் அட்சரம் பிசகாமல் இதுவே. பிரயாணத்தின் முதலில் தூரம் முக்கால் ஆகும். இடையிலும் கடையிலும் அரை ஆகும். புறப்படுமுன் மொத்தத் தூரத்தை அவள் கேட்டபோது, “ஒரு ரெண்டாயிரம் சொச்சம் இருக்கும்” என்றேன். 2,750க்கு முக்கால் என்ன என்று வாசகர் போட்டுப் பார்க்கலாம். குவாலியரில் ஜான்சிக்கு 100 கிலோமீட்டர் இருந்தது. என் வாயில் வந்தது ஐம்பது. சிவனியில் நாகபுரிக்கு 125க்கு மேல், அறுபது என்றேன். விதியை முன்னால் வைத்துக்கொண்டு நான் சொல்லவில்லை. சொன்ன எண்களை அவள் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருந்ததை ஊருக்கு வந்த பிறகு பார்த்துத்தான் விதியைக் கண்டேன். இவ்விகாரத்துக்குக் காதக் குறுக்கம் என்று பெயர் சூட்டுகிறேன்.

இது தமிழருக்கு மட்டும் உரியதோ என்ற ஐயம் எழலாம். தில்லி ஆக்ரா நெடுஞ்சாலை ஓரத்தில் மொகலாயர் காலத்துக் கோஸ் மினார்கள், செங்கல்லும் சுண்ணாம்புமாக, தலைசிறுத்த தூண்கள், வயல் நடுவிலும் ஊர் நடுவிலும் இன்னும் அங்கங்கே நிற்கின்றன. தில்லி மிருகக்காட்சி சாலைக்குள்ளேயே ஒன்று அகப்பட்டுக்கொண்டு நிற்கிறது. கோஸ் என்பது வடமொழிக் குரோசத்தின் திரிபு. குரோசம் என்றால் கூச்சல். ஒருவன் கூவினால் எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவு என்பதே அதன் ஆதிப் பொருள். நம் ‘கூப்பிடு தூரம்’ என்பதும் அதுவே. கூவுகிறவனுடைய தொண்டையைப் பொறுத்துத் தூரம் அமையும் என்பதை இரண்டு பாஷைக்காரரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நர்மதையைக் கடந்த பிற்பாடு ஒரு தேநீர்க் கடையில், நாகபுரி இன்னும் எவ்வளவு என்று கேட்டதற்கு, கண்ணாடித் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்த பெரியவர் தலையை நிமிர்த்தாமலே, “பஸ், தோடா ஆகே” என்றார். இன்னும் இரண்டு மாவட்டம் பாக்கி இருந்தது. அந்த ‘தோடா’வின் ஓகாரத்தை அவர் அளபெடுத்த விதத்தில்தான் உண்மையான தூரம் ஒளிந்திருந்தது என்று என் மனைவி சொன்னாள், அவள் முப்பத்துநான்கு வருஷம் அந்தப் பாஷையில் காய்கறி பேரம் பேசியவள், ஆகையால் அதை ஆப்தவாக்கியமாகக் கொள்கிறேன்.

கைப்பேசியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கோவலன் கண்ணகிக்குக் கவுந்தியடிகள் வழித்துணையாக வந்தது போல எங்களுக்கு அந்தப் பெண்குரல் வந்தது. பற்றற்ற குரல், கோபதாபம் இல்லாதது, தவறாகத் திரும்பினாலும் பழிக்காமல் மறுவழி சொல்வது. காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் கொடும்பாளூருக்கு அப்பால் மதுரைக்குப் போகும் வழிகள் சிவனுடைய சூலம் போல மூன்றாகப் பிரியும் என்று சொல்லி, வலத்தில் இன்னது, இடத்தில் இன்னது என்று ஒவ்வொன்றின் நன்மை தீமையையும் விஸ்தாரமாக எடுத்துரைப்பான். இந்தப் பெண்ணும் ஒவ்வொரு நாள் காலையும் அதே போல மூன்று வழியைத் திரையில் விரித்து, நீலக்கோடு ஒன்று, சாம்பல்கோடு இரண்டு என்று காட்டினாள். வேற்றுமை ஒன்றே: இவளிடத்தில் காதக் குறுக்கம் இல்லை. கூடவே, சுங்கச்சாவடி ஒவ்வொன்றிலும் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டாக்கிலிருந்து பணம் கழியும்போதெல்லாம் மனைவியின் கைப்பேசி ‘டிங்’ என்று ஒலித்து, நாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை ரூபாய் அணாவோடு சாட்சி சொல்லிற்று. இவ்வளவு சாட்சிகளுக்கு நடுவிலும் அவள் என்னைத்தான் கேட்டாள். இவ்வளவு சாட்சிகளுக்கு நடுவிலும் நான் பாதியாகத்தான் சொன்னேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் பெஞ்ச் காட்டின் ஊடே வந்தோம். புலியும் மானும் வண்டியில் அடிபடாமல் கடந்து போவதற்காகச் சாலையையே தூண்களின்மேல் தூக்கிவைத்து, அடியில் அவற்றுக்கு வழி விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் மட்டும் அரைமணி நேரம் அவள் தூரம் கேட்கவில்லை. புலி வருமா என்று கேட்டாள். “இந்தா, வந்துட்டுல்லா” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நாகபுரியில் இரவு தங்கி, காலையில் ஊருக்குள் இருக்கும் சுழிமைல் கல்லைப் போய்ப் பார்த்தோம். 1907இல் நில அளவைக்காரர் நாட்டியது, நாலு குதிரைப் பொம்மைகளும் ஒரு தூணுமாக, வாகன இரைச்சலின் நடுவே நிற்பது. அவள் அந்தத் தூணைச் சுற்றி வந்து, “கடைசியில நீங்க சொன்னது பலிச்சிட்டே, பூஜ்யம்னு போட்டிருக்கு” என்றாள். பிறகு தெருவோரத்தில் ஒரு கூடை ஆரஞ்சு வாங்கி, ஒன்றை உரித்துத் தோலைக் கறிவேப்பிலை வாளியிலே போட்டாள். உறவுமுறை முன்னமே சொன்னேன்.

மூன்றாம் நாள்தான் என் சித்தாந்தத்துக்குச் சோதனை வந்தது. அதுவரையில் நான் கொண்டிருந்த பூர்வபட்சம், காதக் குறுக்கம் புருஷ லட்சணம் என்பது. கோவலன் முதலாக என்வரை உதாரணங்கள் எல்லாம் ஆண்களாகவே இருந்தன. ஹிங்கன்காட் என்னும் ஊரில், கழுத்துப் பிடித்துக்கொண்டதால், நான் இறங்கி அவளிடம் சாவியைக் கொடுத்தேன். அவளுக்கு லைசென்ஸ் உண்டு; சந்தைக்கும் கோயிலுக்கும் ஓட்டியிருக்கிறாள்; நெடுஞ்சாலையில் நான் கொடுத்ததில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆசனத்தை முன்னுக்குத் தள்ளி, கண்ணாடியைத் திருத்தி, இருபக்கமும் பருத்திக்காடு ஓட, சரக்கு லாரிகளை நான் தாண்டுவதைக் காட்டிலும் நிதானமாகவும் அடிக்கடியும் தாண்டிக்கொண்டு போனாள். நான் இடப்பக்கம் உட்கார்ந்து, செடியின் வாளியைப் பாதங்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டிருந்தேன். வாளி ஆடிற்று, கொப்பு ஒன்று முழங்காலில் குத்திற்று, காலை நீட்ட வழியில்லை. ஒரு பத்து நிமிஷம் ஆகியிருக்கும். யோசிக்காமல் என் வாயிலிருந்து வந்த வாக்கியம்: “ஏளா, ஆதிலாபாத் இன்னும் எவ்வளவு தூரம்?”

ஏறத்தாழ 120 கிலோமீட்டர் இருந்தது. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அறுபது இருக்கும், இந்தா, வந்துட்டுல்லா” என்றாள்.

சரி பாதி. ஆகவே குறுக்கம் புருஷனுக்கு உரியதன்று, சக்கரம் பிடித்தவருக்கு உரியது என்று அங்கேயே சித்தாந்தத்தைத் திருத்தினேன். திருத்திய உடனே ஓர் ஆட்சேபம் முளைத்தது: கோவலன் எந்தச் சக்கரத்தைப் பிடித்தான்? அவன் காலால் நடந்தவன். கண்ணகியும் தன் காலாலேயே நடந்தாள். தேநீர்க் கடைப் பெரியவரோ இருந்த இடத்தை விட்டு அசையாதவர். இதை யோசித்துக்கொண்டே வந்ததில் சக்கரமும் போதாது என்று தெரிந்தது. பிறர் ஒருவரின் பிரயாணத்தை, அரை நிமிஷத்துக்காவது, தன் தலைமேல் ஏற்றுக்கொண்டவர் எவரோ, அவர் வாயிலே காதம் குறுகும். கிளப்பிக்கொண்டு வந்தவனுக்கு இது எல்லாரைக் காட்டிலும் அதிகம். ரயிலில் போயிருக்கலாம்; தில்லியிலேயே கூட இருந்திருக்கலாம்; மகள் வீடு ஒன்றரை மணி நேரத்தில் இருந்தது.

பைன்கங்கைப் பாலம் வந்தது. அக்கரையில் மகாராஷ்டிரம் முடிந்து தெலங்கானா தொடங்குகிறது. பாலத்தின் மேலே வண்டியை மெதுவாக்கி அவள் ஒரு கேள்வி கேட்டாள். “இங்கேயிருந்து தில்லி எவ்வளவு தூரம்?”

விடை எனக்குத் தெரியும். 1,250க்கு முன்பின்னாக இருக்கும். முக்கால் ஆக்கிச் சொல்வதா, அரையாக்கிச் சொல்வதா, முழுசாகச் சொல்வதா என்று என் சூத்திரத்தில் எங்கும் விதி இல்லை. வினா ஆறனுள் இது எது என்றும் தெரியவில்லை. விடை எட்டனுள் சும்மா இருத்தல் என்று ஒன்றைப் பவணந்தியார் சேர்த்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். பாலம் முடிந்து, தெலுங்கில் எழுதிய முதல் பலகை வந்தபிறகு, வாளியில் தண்ணீர் வற்றிப்போயிருக்கிறது என்று சொன்னேன். அவள் வண்டியை ஓரங்கட்டி, குடிக்க வைத்திருந்த புட்டியில் பாதியை அதில் ஊற்றினாள்.

நாலாம் நாளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஹைதராபாத்திலிருந்து பெங்களூர் வரை சாலை நன்றாக இருந்தது, நன்றாக இருக்கும் சாலையில் ஆராய்ச்சிக்கு எதுவும் கிடைப்பதில்லை. ஐந்தாம் நாள் காலையில் தருமபுரியைத் தாண்டும்போது ஒரு பழைய கற்செய்தியை அவளிடம் சொன்னேன். அந்த வட்டாரத்தில் அதியமான் பெருவழி என்னும் சாலையில் 13ஆம் நூற்றாண்டில் நட்ட காதக்கல் கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. நாவல்தாவளம் என்னும் ஊர் 29 காதம் என்று எழுத்தால் வெட்டியதோடு நிற்காமல், எழுத்து வாசனை இல்லாத வழிப்போக்கனுக்காகப் பத்துக்கு ஒன்றாகப் பெரிய குழி இரண்டும், ஒன்றுக்கு ஒன்றாகச் சிறிய குழி ஒன்பதும் அதிலே பொறித்திருக்கிறார்கள். இருட்டில் வந்தவனும் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பவணந்தியார் விடைக்கு இலக்கணம் வகுத்த அதே நூற்றாண்டில், விடையே வேண்டாத ஒரு கல்லை யாரோ நட்டிருக்கிறான் என்று நான் வியந்தேன். “அவன் பொண்டாட்டி கேட்டுக் கேட்டு அலுத்துப் போயி நட்டிருப்பான்” என்றாள். காதக்கல்லின் தோற்றம் பற்றி இதைவிடப் பொருத்தமான கொள்கை எனக்குத் தெரிந்தவரை வெளியாகவில்லை.

தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் இருவரும் பேசவில்லை. அங்கே பேசாமல் ஓட்டுவதே விவேகம். பரமத்தி வேலூரில் காவிரியைக் கடந்து, திண்டுக்கல், மதுரை, சாத்தூர் எல்லாம் பின்னே போய், கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறும் அதன் காற்றாலைகளும் வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கே திருநெல்வேலிக்கு முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. வழக்கம் போல அவள் கேட்டாள். வழக்கம் போல நான் “இந்தா, வந்துட்டுல்லா” என்றேன். அந்த ஒரு தடவை அது உண்மையாகவே இருந்ததால் அவள் நம்பவில்லை.

வீட்டைத் திறந்து விளக்கைப் போட்டபோது மணி எட்டரை. தரையில் சிமெண்டுத் தூசி; உட்கார ஒரு முக்காலி கிடையாது; லாரி வந்து சேரவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி சத்தம் கேட்டு ஒரு செம்பு தண்ணீரோடு வந்து, ஹாலின் நடுவில் வைத்திருந்த வாளியைப் பார்த்து, “இது என்ன தாயி, கருவப்பிலையா? தில்லியில இருந்தா? எங்க புறவாசல்ல மரமே நிக்கில்லா” என்றார். “இது அங்கத்திது ஆச்சி” என்றாள் என் மனைவி. பிறகு கைப்பேசியில் மகளைக் கூப்பிட்டு, மூவாயிரத்து ஐநூறு கிலோமீட்டர் இடுப்பு ஒடிய உட்கார்ந்து வந்த கதையைச் சொல்லலானாள். குறுக்கம் உள்ள பாஷையில் அளபெடையும் இருக்கத்தானே வேண்டும். அதைத் தனிக் கட்டுரையாக எழுத உத்தேசம்.

நான் வாசற்படியில் நின்றுகொண்டு லாரி டிரைவரைக் கூப்பிட்டேன். எங்களுக்கு ஒரு நாள் முன்னதாகக் கிளம்பியவர். இரைச்சலுக்கு நடுவே பின்னால் யாரோ ‘சந்த்ரா, சந்த்ரா’ என்று கூவி விற்பது கேட்டது. நாகபுரிப் பக்கத்தில் ஆரஞ்சுக்கு அதுதான் பெயர். என் ஹிந்தி இரைச்சலில் எடுபடவில்லை. மனைவி எழுந்து வந்து கைப்பேசியை வாங்கி, “பையா, கித்னா தூர் ஹை அபி?” என்று கேட்டு, இரண்டு முறை தலையாட்டி, நன்றி சொல்லி வைத்தாள்.

“என்ன சொல்லுதாரு?” என்றேன்.

“இந்தா, வந்துட்டாராம்” என்றாள்.